நாணயம் சரிகிறது, பங்குச்சந்தை ஏறுகிறது: லாபம் யாருக்கு?

2025 டிசம்பர் தொடக்கத்தில் ஒரு டாலரின் விலை வரலாற்றில் முதன்முறையாக 90 ரூபாயைத் தாண்டியது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், நவம்பர் கடைசி வாரத்தில், சென்செக்ஸ் 86,000 புள்ளிகளைக் கடந்து புதிய உச்சத்தைத் தொட்டிருந்தது. ஒரு பக்கம் 'ரூபாய் வரலாறு காணாத வீழ்ச்சி' என்று செய்தி. மறுபக்கம் 'பங்குச்சந்தை வரலாறு காணாத உயர்வு' என்று செய்தி. ஒரு நாட்டின் பணம் பலவீனமாகும்போது அந்த நாட்டின் நிறுவனங்கள் மட்டும் எப்படிப் பலமடைகின்றன?

இதைப் பங்குத் தரகர்களின் கவலை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. வளைகுடாவில் உழைத்து மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அந்தப் பணம் வீட்டு மனையாகவும், மகளின் நகையாகவும், வட்டியைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காக நடப்புக் கணக்கில் அப்படியே கிடக்கும் ரொக்கமாகவும் மாறுகிறது. நாணயத்தின் மதிப்பு ஏறி இறங்கும்போது இவற்றில் எது தாங்கும், எது கரையும் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

துருக்கியின் நான்கு ஆண்டுகள்

நாணயத்துக்கும் முதலீட்டுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள அண்மைக் காலத்தில் துருக்கியைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

2020 இறுதியில் ஒரு டாலருக்கு சுமார் 7.4 லிரா. 2021 செப்டம்பரில் 19 விழுக்காடாக இருந்த மத்திய வங்கியின் வட்டி விகிதம், அந்த ஆண்டு டிசம்பருக்குள் 14 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பிறகு படிப்படியாக 2023 பிப்ரவரியில் 8.5 விழுக்காட்டுக்கு வந்தது. உயர் வட்டிதான் விலைவாசிக்குக் காரணம் என்பது அதிபர் எர்துகானின் வாதம். தமது நிலைப்பாட்டுக்கு மார்க்கத்தின் வட்டித் தடையையும் அவர் ஆதாரமாகச் சொன்னார். ஆனால் லிரா சரிந்துகொண்டே போனது. 2021 இறுதியில் டாலருக்கு 13.3, 2022 இறுதியில் 18.7, 2023 இறுதியில் 29.5, 2024 இறுதியில் 35.3 லிரா. 2022 அக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 85 விழுக்காட்டைத் தாண்டியது.

இதே காலத்தில் இஸ்தான்புல் பங்குச்சந்தை என்ன ஆனது? 2022ஆம் ஆண்டில் மட்டும் அதன் குறியீடு ஏறக்குறைய மூன்று மடங்காக உயர்ந்தது. அந்த ஆண்டு உலகிலேயே அதிகம் ஏறிய சந்தைகளில் ஒன்று என்று அதைப் புகழ்ந்தார்கள்.

இந்தப் புகழ்ச்சியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2020 இறுதியில் சுமார் 1,480 ஆக இருந்த குறியீடு 2024 இறுதியில் சுமார் 9,830 ஆனது. அதாவது 6.6 மடங்கு. அதே நான்கு ஆண்டுகளில் துருக்கியின் விலைவாசி, அரசு அறிவித்த புள்ளிவிவரப்படியே, 36, 64, 65, 44 விழுக்காடு என்று உயர்ந்தது. இவற்றை அடுத்தடுத்துப் பெருக்கினால் 5.3 மடங்கு வருகிறது. ஆக, பங்குகளில் போட்டவர் உண்மையில் அடைந்தது 6.6 மடங்கு அல்ல, நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 25 விழுக்காடு. மீதியெல்லாம் அளவுகோல் சுருங்கியதால் வந்த தோற்றம்.

மற்றவர்களின் கதி என்ன? 2020 இறுதியில் டாலரை வாங்கி வைத்தவருக்கு லிராவில் 4.8 மடங்கு கிடைத்தது. விலைவாசி 5.3 மடங்கு ஏறியதால், டாலரை நம்பியவருக்கும் உள்நாட்டில் பொருள் வாங்கும் சக்தி சுமார் பத்து விழுக்காடு குறைந்தது. தங்கத்தின் உலக விலை அந்தக் காலத்தில் அவுன்ஸ் 1,900 டாலரிலிருந்து 2,620 டாலருக்கு உயர்ந்ததால், லிரா கணக்கில் தங்கமும் 6.6 மடங்கு ஆனது. பங்குச்சந்தையில் நுழையாமல், தலையணைக்கு அடியில் தங்கக் காசுகளை வைத்திருந்த அனத்தோலிய மூதாட்டியும், இஸ்தான்புல் முதலீட்டாளரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

லிராவை லிராவாகவே வைத்திருந்தவர்தான் அழிந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் வைத்த 100 லிரா, 19 லிராவின் பொருளைத்தான் வாங்கியது. வங்கியில் வட்டி வாங்கியவர்களாலும் விலைவாசியை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மத்திய வங்கியின் விகிதத்தைக் குறைப்பது வட்டி இல்லாப் பொருளாதாரம் ஆகிவிடாது. வங்கிகள் வட்டிக்கே கடன் கொடுத்தன. 85 விழுக்காடு விலைவாசி ஏறும் நாட்டில் அதைவிடப் பல மடங்கு குறைந்த வட்டியில் கடன் பெற முடிந்த பெருநிறுவனங்கள், நாளைய மலிவான லிராவில் அதைத் திருப்பிக் கட்டின. அந்த வேறுபாட்டின் சுமையைச் சுமந்தவர்கள் மாதச் சம்பளக்காரர்களும் சிறு சேமிப்பாளர்களும்தான். 2021 டிசம்பரில், லிரா வைப்புகளுக்கு டாலர் ஏற்றத்தால் வரும் இழப்பை அரசே ஈடு செய்யும் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. பெரிய வைப்பு வைத்திருந்தவர்களின் இழப்பு இப்படிப் பொதுமக்களின் தலையில் ஏறியது. 2023 ஜூனுக்குப் பிறகு புதிய நிதியமைச்சர் மெஹ்மத் ஷிம்ஷெக் காலத்தில் கொள்கை தலைகீழாக மாறி, 2024 மார்ச்சில் வட்டி விகிதம் 50 விழுக்காட்டைத் தொட்டது. பெயரளவில் வட்டியை எதிர்த்துத் தொடங்கிய பயணம், முன்பைவிட இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட வட்டியில் முடிந்தது. நாணயத்தின் மதிப்பைக் காப்பதும் நீதியின் ஒரு பகுதி என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

நாணயம் விழுந்தால் பங்குகள் ஏன் ஏறுகின்றன?

முதல் காரணம் மேலே பார்த்ததுதான். ஒரு நிறுவனத்தின் ஆலை, கிடங்கு, சரக்கு எல்லாம் உண்மைப் பொருள்கள். பணம் மலிவாகும்போது அவற்றின் விலை எண்ணில் உயர்கிறது.

இரண்டாவது காரணம் ஏற்றுமதி. டாலரில் சம்பாதித்து உள்நாட்டு நாணயத்தில் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்துக்கு, நாணயம் சரிந்தால் லாபம் கூடும். இந்தியாவின் மென்பொருள் நிறுவனங்கள், மருந்து நிறுவனங்கள், திருப்பூரின் பின்னலாடை ஆலைகள் இந்த வகை. ஜப்பானில் யென் பலவீனமாக இருந்த காலத்தில்தான், 1989இல் தொட்ட உச்சத்தை நிக்கேய் குறியீடு 34 ஆண்டுகள் கழித்து 2024 பிப்ரவரியில் தாண்டியது. வாகனங்களை ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களின் யென் கணக்கு வீங்கியது.

இதன் மறுபக்கத்தையும் ஜப்பானே காட்டியது. 2024 ஜூலை இறுதியில் அந்நாட்டு மத்திய வங்கி வட்டியை 0.25 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. யென் வேகமாக வலுப்பெற்றது. குறைந்த வட்டியில் யென்னைக் கடன் வாங்கி உலகெங்கும் பங்குகளில் போட்டிருந்தவர்கள் பதறிப்போய் விற்றார்கள். ஆகஸ்ட் 5ஆம் தேதி ஒரே நாளில் நிக்கேய் 12 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. அதற்கும் முன்பு, 2015 ஜனவரி 15 அன்று, ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் தாங்கிப் பிடித்துவந்த கொள்கையை சுவிட்சர்லாந்து மத்திய வங்கி திடீரெனக் கைவிட்டது. பிராங்கின் மதிப்பு எகிறியது. கடிகாரமும் மருந்தும் சாக்லேட்டும் விற்கும் அந்நாட்டின் பங்குச்சந்தை அன்று ஒன்பது விழுக்காடு அளவுக்கு விழுந்தது. வலுவான நாணயம் நல்லது என்று பொதுவாகச் சொல்கிறோம். வெளிநாட்டில் விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்கு அது திடீர் அடி.

எல்லா வீழ்ச்சியும் ஏற்றமாகாது

'நாணயம் விழுந்தால் பங்கு ஏறும்' என்று சூத்திரம் போல மனப்பாடம் செய்பவர்கள் 1997ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு ஜூலைக்கு முன் இந்தோனேசியாவில் டாலருக்கு சுமார் 2,400 ரூபியா. 1998இல் அது 15,000ஐத் தாண்டியது. அங்கே பங்குச்சந்தை ஏறவில்லை, நொறுங்கியது. நிறுவனங்கள் டாலரில் கடன் வாங்கி ரூபியாவில் சம்பாதித்துக்கொண்டிருந்தன. ஒரே ஆண்டில் கடன் ஆறு மடங்கு ஆனால் எந்த நிறுவனம் தாங்கும்? அந்த நெருக்கடியில்தான் மலேசியா 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மதிப்பை நிலைநிறுத்தி, மூலதன வெளியேற்றத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. அப்போது பலரும் மகாதீரைக் கண்டித்தார்கள். பின்னாளில் அந்த முடிவின் நியாயத்தைப் பல பொருளாதார அறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

எனவே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. நிறுவனத்தின் வருமானம் எந்த நாணயத்தில் வருகிறது? அதன் செலவு எந்த நாணயத்தில் போகிறது? அதன் கடன் எந்த நாணயத்தில் இருக்கிறது? விமானத்தையும் எரிபொருளையும் டாலரில் வாங்கி, பயணச்சீட்டை ரூபாயில் விற்கும் விமான நிறுவனத்துக்கு ரூபாய் வீழ்ச்சி நேரடி இழப்பு. தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அதனால் ரூபாயின் வீழ்ச்சி டீசல் வழியாகக் காய்கறி விலை வரை வந்து சேர்கிறது.

இந்தியாவில் காரணமும் விளைவும் இடம் மாறுவதும் உண்டு. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குகளை விற்று, கிடைத்த ரூபாயை டாலராக்கி எடுத்துச் செல்கிறார்கள். பங்குகளும் விழும், ரூபாயும் விழும். 2013இல் அமெரிக்க மத்திய வங்கி தன் பணப்புழக்கத்தைக் குறைக்கப்போவதாகச் சொன்னபோதும், 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்திலும் இதுதான் நடந்தது. 2025இல் வெளிநாட்டினர் விற்றபோதும் சந்தை உச்சத்துக்குப் போனதென்றால், உள்நாட்டு மக்கள் மாதாமாதம் பரஸ்பர நிதிகளில் போட்ட பணம்தான் அதைத் தாங்கிப் பிடித்தது. வெளியே போகிறவர் டாலருடன் போகிறார், உள்ளே நிற்பவர் நம் ஊர் சிறு சேமிப்பாளர். இதையும் கவனத்தில் கொள்வது நல்லது.

ஷரீஅத் வரையறைக்கு உட்பட்டு முதலீடு செய்பவர்களுக்கு இன்னொரு செய்தி. வட்டியில் இயங்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இந்தியக் குறியீடுகளில் மிகப் பெரிய பங்கு வகிக்கின்றன. அவற்றை விலக்கியதும் மிஞ்சும் பட்டியலில் மென்பொருள், மருந்து நிறுவனங்களின் எடை தானாகவே கூடிவிடுகிறது. அவை டாலரில் சம்பாதிப்பவை. எனவே நாம் நினைத்தோ நினைக்காமலோ, இத்தகைய முதலீடு ரூபாய் வீழ்ச்சியால் பயனடையும் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆனால் அதுவும் உத்தரவாதமல்ல. 2025இல் ரூபாய் விழுந்தும் மென்பொருள் பங்குகள் இறங்கின. அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கியதும், செயற்கை நுண்ணறிவு பற்றிய அச்சமும் நாணயத்தின் நன்மையை விழுங்கிவிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, ரூபாய் சரிவு தந்த சலுகை திருப்பூரைக் காப்பாற்றப் போதவில்லை.

திர்ஹம் சம்பாதிப்பவருக்கு லாபமா?

ரூபாய் விழும் செய்தி வந்ததும் துபையிலும் ரியாதிலும் பணமாற்று நிலையங்களின் முன் வரிசை நீளும். அதில் தவறில்லை. திர்ஹம் டாலருக்கு 3.6725 என்றும், சவூதி ரியால் 3.75 என்றும் நிலையாகக் கட்டப்பட்டவை. ஆகவே வளைகுடாவில் உழைப்பவர் உண்மையில் டாலரில் சம்பாதிப்பவர். 2014 இறுதியில் 1,000 திர்ஹம் அனுப்பினால் ஊரில் சுமார் 17,200 ரூபாய் கிடைத்தது. டாலர் 90 ரூபாய் ஆனபோது அதே 1,000 திர்ஹமுக்கு 24,500 ரூபாய். ஏறத்தாழ 42 விழுக்காடு கூடுதல்.

ஆனால் அதே காலத்தில் இந்தியாவின் நுகர்வோர் விலைக் குறியீடு 60 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்துவிட்டது. பதினோரு ஆண்டுகளாகச் சம்பளம் உயராத ஒரு சகோதரர் அனுப்பும் 1,000 திர்ஹம், 2014ஐவிடக் குறைவான பொருளையே இன்று வீட்டுக்குக் கொண்டுவருகிறது. கையில் எண்ணும் நோட்டு கூடியிருக்கிறது, சமையலறைக்கு வரும் பை சிறுத்திருக்கிறது. துருக்கியில் பெரிதாக நடந்தது இங்கே மெதுவாக நடக்கிறது.

முதலீட்டிலும் இதே கணக்குதான். 2014 இறுதியில் சுமார் 27,500 ஆக இருந்த சென்செக்ஸ் 2024 இறுதியில் சுமார் 78,100 ஆனது. ரூபாயில் 184 விழுக்காடு உயர்வு. அதே காலத்தில் டாலர் 63 ரூபாயிலிருந்து 85 ரூபாய்க்கு மேல் சென்றதால், டாலரில் அளந்தால் உயர்வு 110 விழுக்காடுதான். அந்தப் பத்து ஆண்டுகளில் தங்கமும் ரூபாய் கணக்கில் ஏறக்குறைய மூன்று மடங்கானது. மனை வாங்கியவர்களும் 'அன்று பத்து லட்சம், இன்று முப்பது லட்சம்' என்று மகிழ்கிறார்கள். அந்த முப்பது லட்சத்தைத் தங்கத்தால் வகுத்துப் பார்த்தால் பலருக்கும் கூடுதலாக ஒன்றும் மிஞ்சாது.

இதற்காகத் தங்கமே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நாம் சொல்லவில்லை. 2011இல் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்ட தங்கம் 2015 இறுதியில் 1,100க்கும் கீழே வந்தது. உச்சத்தில் வாங்கியவர் பல ஆண்டுகள் காத்திருந்தார். தங்கம் வேலை கொடுப்பதில்லை, உற்பத்தி செய்வதில்லை. அது ஒரு அளவுகோலாகவும் அரணாகவும் உதவும், அவ்வளவுதான்.

நாம் செய்ய வேண்டியவை

அளவுகோல் சுருங்கும் என்ற உண்மை நம் மார்க்கச் சட்டங்களுக்குப் புதிதல்ல. ஜகாத்தின் நிஸாப் ரூபாயில் சொல்லப்படவில்லை, தங்கம் அல்லது வெள்ளியின் எடையில் சொல்லப்பட்டிருக்கிறது. எந்த நாட்டு நாணயம் எப்படிச் சரிந்தாலும் அந்த அளவு சரிவதில்லை. ஆனால் நம் நடைமுறைகள் பலவும் ரூபாய் எண்ணிலேயே நிற்கின்றன.

பிற்பாடு தருவதாக 20,000 ரூபாய் மஹர் எழுதி, இருபது ஆண்டுகள் கழித்து அதே 20,000ஐக் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது என்ன? மஹரை ரொக்கமாக உடனே கொடுப்பதும், தள்ளி வைப்பதானால் தங்க எடையில் எழுதுவதும் அவளுடைய உரிமையைக் காக்கும்.

கடன் விஷயத்தில் 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கடன் எந்த நாணயத்தில் எவ்வளவு வாங்கப்பட்டதோ அவ்வளவே திருப்பித் தரப்பட வேண்டும், விலைவாசியோடு அதை இணைக்கக் கூடாது என்று முடிவு செய்தது. அப்படியானால் அழகிய கடன் கொடுப்பவர், நாணயம் தேய்வதால் வரும் இழப்பையும் அறிந்தே கொடுக்கிறார். வசதி இருந்தும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பவர், உதவியவரின் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறார் என்பதை உணர வேண்டும்.

வக்ஃபு சொத்துகள் பலவற்றில் பல்லாண்டுகளுக்கு முன் நிர்ணயித்த வாடகையே இன்றும் வசூலாகிறது. எண்ணில் மாறாத அந்த வாடகை, மதிப்பில் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. ஏழைகளின் உரிமை இப்படிச் சத்தமின்றி இழக்கப்படுகிறது. குத்தகையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சந்தை நிலவரப்படி திருத்துவதை ஜமாஅத் நிர்வாகங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும்.

வட்டியைத் தவிர்த்து ரொக்கமாக வைத்திருப்பவர்களின் உறுதி பாராட்டுக்குரியது. ஆனால் ஆண்டுதோறும் ஜகாத்தும் விலைவாசியும் குறைத்துக்கொண்டே வரும் பணத்தைச் சும்மா வைத்திருப்பது அந்த உறுதிக்கு அவசியமான நிபந்தனை அல்ல. ஆறு மாதக் குடும்பச் செலவுக்கானதைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றதை வணிகப் பங்கு, ஷரீஅத் வரையறைக்கு உட்பட்ட பங்குகள், தங்கம், வாடகை தரும் சொத்து என்று பிரித்து வைக்கலாம். அவரவர் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதை விவரமறிந்த ஆலிம்களிடமும் பதிவுபெற்ற நிதி ஆலோசகர்களிடமும் கேட்டு முடிவு செய்யட்டும். 2022இல் இலங்கையில் சில வாரங்களில் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது, சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைத்திருந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 'ரூபாய் விழுகிறது, எங்களிடம் டாலரில் போடுங்கள், மாதம் இத்தனை விழுக்காடு' என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகள் இப்போது பெருகியிருக்கின்றன. அனுமதியில்லாத அந்நியச் செலாவணி வணிகத் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி வெளியிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு நிறுவனம் நம்பத் தகுந்ததாகிவிடாது. மாதந்தோறும் நிச்சய லாபம் தருவதாக ஒருவர் சொன்னாலே, அவர் தாடி வைத்தவராக இருந்தாலும், சலாம் சொல்லித் தொடங்கினாலும், விலகிவிட வேண்டும். நாணயத்தின் மதிப்பு நாளை எங்கே நிற்கும் என்பதை எந்த மத்திய வங்கியாலும் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை.

அடுத்த முறை பங்குச்சந்தை உச்சம் தொட்டது, மனை விலை இரட்டிப்பானது, அனுப்பும் பணத்துக்கு அதிக ரூபாய் கிடைக்கிறது என்ற செய்தி வரும்போது ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்: இந்தத் தொகை இன்று எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கிராம் தங்கம், எத்தனை மாதப் பள்ளிக் கட்டணம்? அந்த விடை கூடியிருந்தால் அது லாபம். எண் மட்டும் கூடியிருந்தால், சுருங்கியது அளவுகோல்.